வெள்ளிக்கிழமைக்கு எட்டு வாளி

எங்கள் குளியலறைக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கியது. அந்தத் தாளின் முன்னால் நின்று சூசை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் கையில் அளவு நாடா இருந்தது. தண்ணீர் சுடவைக்கும் பழைய பொய்லரின் கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வந்தவர், அளப்பதை விட்டுவிட்டுத் தாளை வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான்கு பெயர்கள், பதினான்கு நாள்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பென்சில் கோடுகள்.

"அண்ணை, இது என்ன, பள்ளிக்கூட வரவு இடாப்போ?"

"சுடுதண்ணிக் கணக்கு. ஒரு வாளிக்கு ஒரு கோடு."

"குளிக்கிறதுக்கும் கணக்கோ! இந்த ஜெர்மன் நாட்டுக்காரரே உங்களிட்டை வந்து படிக்க வேணும்."

சூசை மன்னாரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். குழாய் பொருத்தும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை செய்தார். சமையலறைக் குழாய் ஒழுகினாலும், வெப்பமூட்டியில் காற்று அடைத்தாலும், எங்கள் ஆட்கள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். வேலை சுத்தமாக இருக்கும், வாய் சும்மா இருக்காது.

வீட்டோடு வந்த பொய்லர்

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே அந்தப் பழைய வரிசை வீட்டை வாங்கிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்கு முன் அங்கே தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி முப்பது லீட்டர் மின்சாரப் பொய்லர் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். ஒருவருக்கு அது தாராளம். நாங்கள் நான்கு பேர்.

நானும் மனைவி மலரும், எங்கள் மகள்கள் பதினைந்து வயது தர்சினியும் பன்னிரண்டு வயது அபியும். முதல் இரண்டு குளிர்காலங்களை அந்தப் பொய்லரோடு ஓட்டினோம். ஒருவர் குளித்ததும் அதன் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்கும். விளக்கு அணையும் வரை அடுத்தவர் தலை துவட்டும் துவாயோடு படியில் உட்கார்ந்திருப்பார்.

அதை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தவை மலரின் கைகள்.

அவர் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். ஈரத் துணிகளைப் பிரித்துப் போடுவதுதான் நாள் முழுவதும். அந்த ஆண்டு இலைகள் விழத் தொடங்கியபோது அவருடைய விரல் கணுக்கள் வீங்கின. ஒரு காலை அபியின் தலையைப் பின்னத் தொடங்கி, மூன்று புரி பிரித்தவர், மேலே பின்ன முடியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "தர்சினி, நீ பின்னிவிடு" என்று மட்டும் சொன்னார்.

கைகளைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். காலையும் மாலையும் பத்து நிமிடம் வெந்நீரில் வைத்திருக்க வேண்டும், குளிர்ந்த நீரில் குளிக்கவே கூடாது. இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடர முடியாது என்றும் சொன்னார். அன்றே நாட்குறிப்பில் எழுதினேன்: "பொய்லர் மாற்ற வேண்டும். குளிர் இறுகுமுன்."

மூன்று வழிகள்

எதையும் வாங்கும் முன் ஒரு கொப்பியில் எழுதிப் பார்ப்பது என் பழக்கம். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடிட்டேன்.

முதலாவது, பழைய கொக்கிகளிலேயே ஐம்பது லீட்டர் மின்சாரப் பொய்லர் ஒன்றை மாட்டுவது. விலை மலிவு, அரை நாளில் வேலை முடியும்.

இரண்டாவது, தண்ணீரைச் சேர்த்து வைக்காமல், குழாயைத் திறந்ததும் ஓடும் நீரையே சூடாக்கும் மின்கருவி. இதைச் சூசை ஒரே சொல்லில் அடித்துவிட்டார். "உங்கட வீட்டுக் கம்பி தாங்காது அண்ணை. நிலவறையில இருந்து புதுசா இழுக்க வேணும், சுவரெல்லாம் உடைக்க வேணும்."

மூன்றாவது, நிலவறையில் வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த எரிவாயு அடுப்போடு நூற்றிருபது லீட்டர் கொள்கலன் ஒன்றை இணைப்பது. எரிவாயுவில் சுடவைக்கும் தண்ணீருக்கு மின்சாரத்தில் ஆகும் செலவின் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் கொள்கலனையும் குழாய் வேலையையும் சேர்த்தால் முதலாவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் விலை வந்தது.

ஆக, கேள்வி இதுதான்: நாங்கள் எவ்வளவு சுடுதண்ணீர் பாவிக்கிறோம்? நிறையப் பாவித்தால் விலை கூடியதுதான் கடைசியில் மலிவு. குறைவாகப் பாவித்தால் மலிவானதே மலிவு. எங்களிடம் இருந்த சேமிப்பு ஒன்றுக்குத்தான் போதும். தவறானதை வாங்கினால் பத்துப் பதினைந்து வருடம் அதோடுதான் வாழ வேண்டும்.

அதனால்தான் கதவில் தாள் ஒட்டினேன். எங்கள் வீட்டில் குளிப்பு வாளியில்தான். குளியல் தொட்டிக்குள் பத்து லீட்டர் நீல வாளி ஒன்றை வைத்து, வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து நிரப்பி, கோப்பையால் அள்ளி ஊற்றிக்கொள்வோம். பிள்ளைகள் இருவரும் கைத்தூவியைத்தான், கையில் பிடிக்கும் ஷவரைத்தான், விரும்புவார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, என்ர பிரெண்ட் யூலியா பாத்ரூமுக்குப் போட்டு வந்து கேக்கிறாள், கதவில என்ன எழுதியிருக்குதெண்டு. பைன்லிஷ் அப்பா!" என்றாள் தர்சினி. வெட்கக்கேடு என்று சொல்ல என் பிள்ளைகளுக்கு அந்த ஜெர்மன் சொல்தான் வாயில் வரும்.

"நீ என்ன சொன்னனீ?"

"பள்ளிக்கூடத்துப் புரொஜெக்ட் எண்டு பொய் சொன்னனான்."

"அக்கா மூண்டு வாளி எடுக்கிறாள், ரெண்டுதான் கோடு போடுறாள்" என்று அபி இடையில் புகுந்தாள். அன்று மாலை தர்சினியின் கட்டத்தில் மூன்றாவது கோடும் விழுந்தது.

ஒரு பழைய பழக்கம்

இந்த அளக்கும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் நினைக்கலாம். ஊரில் நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன். காலை ஆறு மணிக்குக் குளத்தின் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைப் பதிவது என் பொறுப்பு. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருந்தவர்கள் சில நாள் கந்தோருக்கு வந்து, தண்ணீர் தங்களுக்கு வரவில்லை என்று சத்தம் போடுவார்கள். நான் பதிவேட்டைத் திறந்து காட்டுவேன். இத்தனை மணிக்கு இத்தனை அடி திறந்துவிட்டது என்று அதில் தெளிவாக இருக்கும். அவர்கள் பேசாமல் திரும்பிப் போவார்கள்.

ஜெர்மனிக்கு வந்து அகதி முகாமில் இருந்தபோதும் அந்தப் புத்தி விடவில்லை. அது பழைய படை முகாம் ஒன்று. நாற்பது ஆண்களுக்கு நான்கு குழாய்கள். சுடுதண்ணீர் காலை ஆறு முதல் ஏழு வரைதான். முதல் வாரத்தில் தினமும் சண்டை. நான் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ஆளுக்கு நான்கு நிமிடம், முறை வைத்து. சண்டை நின்றது. தண்ணீருக்கு மேற்பார்வையாளன் என்ற பொருளில் என்னைத் "தண்ணி ஓவசியர்" என்று கூப்பிட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

மூன்று வருடம் கழித்து மலர் தர்சினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அபி பிறகு இங்கே பிறந்தவள். அப்போது நாங்கள் இன்னொரு குடும்பத்தோடு ஒரே குளியலறையைப் பங்கிட்டிருந்தோம். மலர் வந்த நாள் மாசி மாதக் குளிர். பயணக் களைப்போடு குளிக்கப் போனவரிடம் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்: "சுருக்காக் குளியும். பின்னால ஆக்கள் நிக்கினம். சுடுதண்ணி முடிஞ்சால் எங்களைத்தான் குறை சொல்லுவினம்."

ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். எவ்வளவு ஒழுங்கான மனுசி என்று அன்று நினைத்தேன்.

எட்டு வாளி

மறுபடி சூசையிடம் வருகிறேன்.

இரண்டு வாரக் கணக்கில் ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆனால் விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. சாதாரண நாளில் ஐந்து வாளி. வெள்ளிக்கிழமை எல்லோரும் தலை முழுகுவோம், அன்று எட்டு. எனக்கு இரண்டு, தர்சினிக்கு மூன்று, அபிக்கு இரண்டு, மலருக்கு ஒன்று.

"சராசரியை வைச்சு வாங்கிப் பிழை விடுற ஆள் நான் இல்லை" என்று சூசையிடம் சொன்னேன். "கூடின நாளைத்தான் எடுத்தனான். ஐம்பது லீட்டர் பொய்லரில பச்சைத்தண்ணி கலந்தால் எட்டு வாளி வரும். ஒரு வாளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எரிவாயுக் கொள்கலன் எண்டால் போட்ட காசு திரும்பி வரப் பதினேழு வருசம் செல்லும்."

"பதினேழு வருசத்தில அந்தத் தண்ணித் தாங்கி துருப்பிடிச்சுப் போகும். அப்ப ஐம்பது லீட்டர்தான். திங்கக்கிழமை முதலாளியிட்டைக் கையெழுத்து வைச்சியளெண்டால் அடுத்த கிழமை வேலைக்கு ஒரு நாள் பாத்து டெர்மின் எடுத்துத் தாறன்."

அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டவர், போகுமுன் மறுபடி தாளைப் பார்த்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மலர் அக்காவுக்கு வெள்ளிக்கிழமையிலும் ஒரு வாளியோ?"

"ஓம். அவ சிக்கனம்."

"அக்காவின்ர தலைமயிர் இடுப்பு வரைக்கும் இருக்கு. என்ர மனுசிக்குக் கட்டை மயிர், அதுக்கே ரெண்டு வாளி போகுது. ஒரு வாளியில சீயாக்காய் கழுவுப்படுமோ?"

"இவ்வளவு காலமும் கழுவுப்படுதுதானே" என்றேன்.

சூசை தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பதின்மூன்று நாள் கணக்கை ஒருவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குறை சொன்னால் யாருக்குத்தான் வராது.

கண்ணாடி

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. அதையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். நான் நான்கரைக்கு வேலையால் வந்து குளிப்பேன். பிறகு தர்சினி, பிறகு அபி. மலர் ஆறு மணிக்கு வருவார். வந்ததும் முழுகி, சாமி அறையில் விளக்கேற்றி, அதன் பின்தான் அடுப்பில் உலை வைப்பார். பொய்லரின் சிவப்பு விளக்கு அணையும் வரை அவர் காத்திருக்க முடியாது. விளக்கு வைக்கும் நேரம் தப்பிவிடும்.

ஆகவே மலர் முழுகி வெளியே வந்த கையோடு நான் ஒருநாளும் குளியலறைக்குள் போனதில்லை. அன்று போனேன். கடைசி நாள் கோடுகளைக் கூட்டித் தாளைக் கழற்ற வேண்டியிருந்தது.

உள்ளே சீயாக்காய் மணம். தரையில் ஈரக் காலடிகள். தாளைக் கழற்றக் கையை நீட்டியபோது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன்.

தெளிவாகத் தெரிந்தது.

இதில் என்ன என்று கேட்கலாம். நான் குளித்து முடித்தால் அந்தக் கண்ணாடியில் எதுவும் தெரியாது. துவாயால் துடைத்துத்தான் தலை வாருவேன். பிள்ளைகள் குளித்தாலும் அப்படியே. அபி அதில் விரலால் பூனை முகம் கீறி வைப்பாள். மலர் வெளியே வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி இல்லை.

நீல வாளியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். விரலை உடனே எடுத்துவிட்டேன்.

அவர் விளக்கேற்றித் திருநீறு பூசி வரும் வரை பொறுத்திருந்தேன். தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அரிசி கழுவ வந்தார்.

"இண்டைக்கு எத்தினை வாளி குளிச்சனீர்?"

"மூண்டு."

"தாளில ஒரு கோடுதானே இருக்குது?"

"மேல என்ன எழுதியிருக்குதெண்டு வாசிச்சுப் பாருங்கோ. நீங்கள் எழுதினதுதானே."

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். என் எழுத்தில், அடிக்கோடிட்டு, "சுடுதண்ணீர் – வாளிக் கணக்கு" என்று இருந்தது.

"ஒண்டுதான் சுடுதண்ணி. அதுவும் வெதுவெதுப்பு. மற்ற ரெண்டும் பச்சைத்தண்ணி. பச்சைத்தண்ணிக்கும் கோடு போடச் சொன்னனீங்களே?"

அவர் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் எழுதியிருந்தார். பிழையில்லாத கணக்கு அது.

"இந்தக் குளிருக்குள்ள, இந்தக் கையோட பச்சைத்தண்ணியோ? ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? கடைசியாக் குளிக்கிற ஆளுக்குத் தண்ணி முடிஞ்சுதான் இருக்கும். வந்த அண்டைக்கே நீங்கள் சொன்னதுதானே, சுருக்காக் குளி எண்டு."

"அது அந்த வீட்டிலையெல்லே!"

"இந்த வீட்டில வேற மாதிரி எண்டு ஆர் சொன்னது?"

"டொக்டர் கையை வெந்நீரில வைக்கச் சொன்னவர். அதாவது வைக்கிறீரோ?"

"காலமை கேத்தில்ல சுடவைச்சுக் கோப்பைக்குள்ள வைக்கிறன்."

"பின்னேரம்?"

அவர் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தார். குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்ததும் பச்சைத்தண்ணீர்தான். நான் போய்க் குழாயை மூடிவிட்டுச் சட்டியை வாங்கினேன். மலரின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அன்று சோறு நான் வைத்தேன். குழைந்துவிட்டது.

சிவப்பு மை

சனிக்கிழமை காலை கொப்பியைத் திறந்தேன். நான் அளந்தது எங்கள் தேவையை அல்ல. அந்தப் பழைய பொய்லர் தந்ததைத்தான் அளந்து, அதையே தேவை என்று எழுதியிருந்தேன். ஐம்பது லீட்டர் வாங்கியிருந்தால் எட்டு வாளி வந்திருக்கும். ஒன்பதாவதும் பத்தாவதும் மலருக்கு மறுபடி பச்சையாகவே இருந்திருக்கும், பதினைந்து வருடத்துக்கு.

மலரின் கட்டங்களில் சிவப்பு மையால் திருத்தினேன். பின்னேரம் கை வைக்கும் தண்ணீரையும், சமையலறைக்கு வேண்டியதையும் சேர்த்தேன். புதுக் கணக்கில் எரிவாயுக் கொள்கலனின் காசு பத்தரை வருடத்தில் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால் பத்தரை என்பதும் பெரிய இலாபம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் கீழே நான் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

திங்கட்கிழமை சூசைக்குத் தொலைபேசி எடுத்து விசயத்தைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அண்ணை, நாங்கள் பூசைக்கு முன்னம் சுவாமியாரிட்டைப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யிற ஆக்கள். நீங்கள் டெர்மினுக்கு முன்னம் செய்திட்டியள். பரவாயில்லை, மன்னிச்சாச்சு. நூற்றிருபது லீட்டர்தானே?"

"ஓம். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஏலுமோ?"

"இந்த வெள்ளி ஏலாது. அடுத்த வெள்ளி அக்கா சுடுதண்ணியில முழுகுவா. அது என்ர பொறுப்பு."

சொன்னபடி வியாழக்கிழமை வந்து வேலையை முடித்தார். கழற்றிய பழைய பொய்லரைத் தோட்டத்தில் கவிழ்த்தபோது உள்ளிருந்து முட்டைக்கோது போல வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் கொட்டின. பாதி உருளை அடைபட்டிருந்தது.

"முப்பது லீட்டர் எண்டு எழுதி வைச்சியள். இதுக்குள்ள இருபது கொண்டாலே பெரிய காரியம்" என்றார் சூசை. அந்த எண்ணையும் நான் அளக்கவில்லை. பொய்லரின் நெற்றியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன்.

முதல் அரை வாளி

வெந்நீர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

நிலவறையிலிருந்து மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறி வர நேரம் எடுக்கும். முதல் அரை வாளி பச்சையாகத்தான் வரும். பிள்ளைகள் அதை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். மலர் அந்த அரை வாளியோடு சுடுதண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மீதியைப் பச்சைத்தண்ணீரால் நிரப்பி முழுகிக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர் வீணாய்ப் போகுதே என்றார். முதல் வெள்ளி அப்படிப் போனது. இரண்டாம் வெள்ளியும் கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது.

நான் குளிக்கும் ஒழுங்கை மாற்றி எழுதினேன். பிள்ளைகளும் நானும் மலர் வரும்வரை குளிப்பதில்லை. மலர் முதல், நான் கடைசி. "வேலையால வந்த அழுக்கோட ஆறரை மட்டும் இருக்கப்போறியளோ?" என்று கேட்டார். இருந்தேன். அந்த முதல் அரை வாளியை நானே முன்கூட்டிப் பிடித்து, தோட்டத்து வாளியில் ஊற்றி வைத்தேன். மலர் குழாயைத் திறந்தால் சுடச்சுட வந்தது.

கார்த்திகை விளக்கீட்டுக்குச் சில நாள் முந்திய வெள்ளிக்கிழமை என்று நினைவு. வெளியே முதல் பனி தூவிக்கொண்டிருந்தது. மலர் உள்ளே போய் வெகு நேரமாகிவிட்டது. படியில் துவாயோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். கதவின் கீழ் இடுக்கால் சீயாக்காய் மணத்தோடு ஆவி வந்தது. தண்ணீர் விழும் சத்தம் நிற்பதாய் இல்லை. வாளியில் விழும் சத்தம்கூட அல்ல, மனுசி கைத்தூவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

தர்சினி பொறுமையிழந்து கதவில் தட்டினாள். "அம்மா! கெதியா வாங்கோ! எங்களுக்குத் தண்ணி முடியப்போகுது!"

உள்ளேயிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால், அவசரமில்லாத குரல் வந்தது.

"முடியாதாம் பிள்ளை. அப்பா கணக்குப் பாத்தவர்."